பாட்டில் பெட்ரோலில் கார் ஓட்டலாமா?

நாகர்கோவில் பக்கம் ஒரு வீட்டு முற்றம். ஓலைக் கொட்டகையில் ஒரு பழைய அம்பாசிடர் கார். தாத்தா வாங்கிய கார். பல வருடமாக ஓடவில்லை. அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று பேரனுக்கு ஆசை. ஒரு மெக்கானிக்கை அழைத்து வந்தான்.

மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல் வாங்கி வரச் சொன்னார். பாட்டிலை பானெட்டில் கயிறு போட்டுக் கட்டித் தொங்கவிட்டார். ஒரு டியூபைச் சொருகினார். சாவியைத் திருப்பினார்.

என்ஜின் ஓடியது! வீடே கை தட்டியது.

பாட்டிக்கு ஒரே ஆனந்தம். திருஷ்டி கழிக்க வேண்டாமா? தட்டில் சூடம் கொளுத்தி எடுத்துக்கொண்டு காரை நோக்கி வந்தார்.

"அம்மா, கிட்ட வராதீங்க! அங்கேயே நில்லுங்க!" என்று மெக்கானிக் கத்தினார். பாட்டி திடுக்கிட்டு நின்றார்.

அந்தக் கூச்சல்தான் அன்று அந்த வீட்டைக் காப்பாற்றியது. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தற்காலிக டாங்கி எதற்கு?

மெக்கானிக் செய்தது முழுவதும் தவறு அல்ல. குமரி மாவட்டம் கடலோர மாவட்டம். உப்புக் காற்று வீசும். இரண்டு பருவ மழையும் பெய்யும். வருடக்கணக்கில் நின்ற காரின் டாங்கிக்குள் துரு பிடித்துவிடும். அதில் கிடக்கும் பழைய பெட்ரோல் பிசின் போல ஆகிவிடும். அதை என்ஜினுக்கு அனுப்பினால் கார்புரேட்டரில் உள்ள சிறு துளைகள் அடைத்துக்கொள்ளும்.

ஆகவே, பழைய டாங்கியைக் கழற்றிச் சுத்தம் செய்யும் வரை தனியாக நல்ல பெட்ரோல் கொடுத்து என்ஜினைச் சோதிப்பது புத்திசாலித்தனம்தான்.

தற்காலிக டாங்கி தவறு அல்ல. தண்ணீர் பாட்டிலை டாங்கி ஆக்கியதுதான் தவறு!

ஆவிதான் ஆபத்து

எரிவது பெட்ரோலின் ஆவி. பெட்ரோல் பனிக்கட்டியை விடக் குளிர்ந்த நிலையில் இருந்தாலும் அதன் ஆவி தீப்பிடிக்கும். 100 பங்கு காற்றில் ஒன்றரைப் பங்கு ஆவி கலந்தாலே போதும்.

அந்த ஆவி காற்றை விட மூன்று, நான்கு மடங்கு கனமானது. மேலே போகாது. தரையோடு தரையாக ஊர்ந்து போகும். ஒர்க்‌ஷாப் குழியில் தேங்கி நிற்கும். தூரத்தில் எரியும் அடுப்பையோ, பீடியையோ, சூடத்தையோ தேடிப் போய்ப் பற்றிக்கொண்டு திரும்பி வரும்.

அம்பாசிடரில் இன்னொரு விஷயம் உண்டு. பெட்ரோல் வரும் கார்புரேட்டர் மேலே இருக்கிறது. புகை வெளியேறும் சூடான குழாய் அதற்குக் கீழேயே இருக்கிறது. மேலே தொங்கும் பாட்டிலில் இருந்து பெட்ரோல் தானாக இறங்கிக்கொண்டே இருக்கும். கார்புரேட்டரின் ஊசி வால்வு சிக்கிக்கொண்டால் பெட்ரோல் வழிந்து அந்தச் சூட்டில் சொட்டும். அப்புறம் கேட்க வேண்டுமா?

கரி பஸ் சொன்ன பாடம்

நம் முன்னோர்களும் தற்காலிக ஏற்பாடு செய்தவர்கள்தான். 1939 முதல் 1945 வரை நடந்த இரண்டாவது உலகப் போரின்போது பெட்ரோலுக்குப் பஞ்சம். அன்று நாஞ்சில் நாடு திருவிதாங்கூரில் இருந்தது. அங்கும் சரி, சென்னை மாகாணத்திலும் சரி, பஸ்களைக் கரி வாயுவில் ஓட்டினார்கள்.

எப்படி ஓட்டினார்கள்? அடுப்பை இரும்பில் செய்தார்கள். என்ஜின் பக்கம் வைக்காமல் பஸ்ஸின் பின்னால் பொருத்தினார்கள். அதைக் கவனிக்க ஓர் ஆளை நிறுத்தினார்கள்.

இரும்புப் பாத்திரம், எட்ட இருக்கும் இடம், கவனிக்க ஓர் ஆள். இந்த மூன்றும் இன்றைக்கும் பொருந்தும்!

சட்டம் என்ன சொல்கிறது?

1934-ம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி, விற்பனைக்கு இல்லாமல் 30 லிட்டர் வரை பெட்ரோல் வைத்திருக்க லைசென்ஸ் வேண்டாம். ஆனால் பாத்திரம் இறுக மூடியதாக இருக்க வேண்டும். கண்ணாடி அல்லது பீங்கான் என்றால் 1 லிட்டருக்கு மேல் கூடாது. உலோகம் என்றால் 25 லிட்டருக்கு மேல் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலிலேயே இல்லை! பங்க்கில் பாட்டிலில் பெட்ரோல் தர மறுத்தால் கோபப்படாதீர்கள்.

இப்படிச் செய்யுங்கள்

காரைக் கொட்டகையில் இருந்து வெட்டவெளிக்குத் தள்ளி வாருங்கள். மூடியுள்ள சிறிய உலோக கேனில் ஒரு லிட்டர் போதும். கேனைத் தொங்கவிடாதீர்கள். என்ஜினுக்கு எட்ட, தரையில் வையுங்கள். காரின் பெட்ரோல் பம்ப் இழுத்துக்கொள்ளும். மூடியில் காற்றுப் போக ஊசித் துளை வேண்டும். இல்லாவிட்டால் பெட்ரோல் வராது.

டியூப் புதிதாக இருக்கட்டும். பெட்ரோலுக்கென்று விற்கும் டியூபாகவும் இருக்கட்டும். இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். அது பழைய ரப்பரைக் கெடுத்துவிடும். இரு முனையிலும் கிளிப் போட்டு இறுக்குங்கள்.

ஒருவர் தீயணைப்புக் கருவியோ, வாளி மணலோ வைத்துக்கொண்டு நிற்கட்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. பெட்ரோல் தண்ணீரில் மிதந்து தீயைப் பரப்பும்.

இந்த ஏற்பாட்டோடு ரோட்டுக்குப் போகவே கூடாது. சோதனை முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

வேலை முடிந்த பிறகு மீதிப் பெட்ரோல் பாட்டிலோடு திண்ணையில் இருக்கும். விளையாடி வரும் பிள்ளைக்குத் தாகம். தண்ணீர் பாட்டிலைக் கண்டால் எடுத்துக் குடிக்காதா?

அப்படிக் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பெட்ரோல் நுரையீரலுக்குள் போய்விடும். அதுதான் பெரிய ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். டியூபை வாயில் வைத்து உறிஞ்சும் மெக்கானிக் பையன்களுக்கும் இதே ஆபத்துதான்.

தாத்தாவின் காரை ஓட்டிப் பார்க்கும் ஆசை நல்ல ஆசை. அதற்கு ஒரு தகர கேனும் ஒரு வாளி மணலும் வாங்க என்ன செலவாகிவிடும்? பாட்டி சூடம் கொளுத்தட்டும். கேனைக் கழற்றி, பெட்ரோலை அப்புறப்படுத்திய பிறகு கொளுத்தட்டும்!