நியூட்ரினோவின் எடை என்ன?

கடைத் தராசில் அரிசியை நிறுக்கலாம். தட்டார் தராசில் குன்றிமணி அளவு பொன்னையும் நிறுக்கலாம். ஆனால், எந்தத் தட்டிலும் நிற்காமல் ஊடுருவிப் போய்விடும் பொருளை எப்படி நிறுப்பது? அப்படிப்பட்ட பொருள் ஒன்று உண்டு. அதன் பெயர் நியூட்ரினோ.

அணுவைவிட மிக மிகச் சிறிய துகள் அது. சூரியனிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருக்கிறது. ஒருவருடைய கட்டைவிரல் நகத்தின் வழியாக விநாடிக்கு ஏறக்குறைய 6,000 கோடி நியூட்ரினோக்கள் பாய்கின்றன. இரவிலும் பூமியைத் துளைத்துக்கொண்டு வருகின்றன. உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை.

இப்படி ஒரு துகள் இருக்க வேண்டும் என்று 1930-ல் சொன்னவர் வுல்ப்காங் பௌலி என்ற விஞ்ஞானி. 1956-ல் அமெரிக்காவில் ரைன்ஸ், கோவன் என்ற இருவர் அதைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு எடையே இல்லை என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 1998-ல் ஜப்பானில் நடந்த ஆராய்ச்சி அந்த எண்ணத்தை மாற்றியது. ஒருவகை நியூட்ரினோ வழியிலேயே இன்னொரு வகையாக மாறுகிறது என்று தெரிந்தது. எடை இல்லாவிட்டால் அப்படி மாற முடியாது. ஆகவே எடை உண்டு. எவ்வளவு என்பதுதான் தெரியவில்லை.

அதை அறிய ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூவே நகரின் அருகே ஒரு பெரிய கருவி அமைத்தார்கள். 'காட்ரின்' என்பது அதன் பெயர். அதன் முக்கிய பாகமான இரும்புக் கலம் 23 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், 200 டன் கனம். அதைச் செய்த ஊர் சுமார் 400 கிலோமீட்டர் தூரத்தில்தான் இருந்தது. ஆனால், சாலையில் கொண்டுவர இடம் போதவில்லை. எனவே 2006-ல் ஆற்றிலும் கடலிலுமாக ஐரோப்பாவைச் சுற்றி, சுமார் 9,000 கிலோமீட்டர் பிரயாணம் செய்து அது வந்து சேர்ந்தது!

பிடிபடாத துகளை இந்தக் கருவி எப்படி நிறுக்கிறது? டிரிட்டியம் என்ற ஒருவகை ஹைட்ரஜன் அணு சிதையும்போது, ஓர் எலெக்ட்ரானும் ஒரு நியூட்ரினோவும் வெளிவருகின்றன. கிடைக்கும் சக்தியை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. இது அண்ணன் தம்பி பாகப்பிரிவினை போன்றது. தம்பி கண்ணில் படமாட்டான். அண்ணன் பங்கை மட்டும் எண்ணலாம். அண்ணன் எவ்வளவு அள்ளினாலும் மொத்தத்தில் கொஞ்சம் எப்போதும் மிஞ்சினால், அது தம்பிக்கு உரியது. எடையும் சக்தியின் ஒரு வடிவமே. ஆகவே அந்த மிச்சமே நியூட்ரினோவின் எடை.

259 நாள் அளந்து, 3 கோடியே 60 லட்சம் எலெக்ட்ரான்களைக் கணக்கிட்டு, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். நியூட்ரினோவின் எடை 0.45 எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இல்லை என்பதே அந்த முடிவு. அதாவது, எலெக்ட்ரானின் எடையில் 10 லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

"இத்தனை பாடுபட்டு, 'இதற்கு மேல் இல்லை' என்று சொல்லத்தானா? மக்கள் வரிப்பணம் வீண்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. வரி கொடுப்பவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு.

ஆனால், பணம் வீணாகவில்லை. 2019-ல் அந்த எல்லை 1.1 ஆக இருந்தது. 2022-ல் 0.8 ஆயிற்று. 2025-ல் 0.45 ஆகக் குறைந்தது. காணாமற்போன சாவியைத் தேடுகிறவர், இரண்டு அறைகளில் அது இல்லை என்று அறிந்தால், தேட வேண்டிய இடம் குறைகிறது அல்லவா? மேலும், அண்டத்தில் ஒவ்வோர் அணுவுக்கும் சுமார் 100 கோடி நியூட்ரினோக்கள் இருக்கின்றன. சிறு துளி பெரு வெள்ளம். நட்சத்திரக் கூட்டங்கள் உருவான விதத்தை அறிய இந்தச் சிறு எடையும் தெரிய வேண்டும்.

உடனே லாபம் தரும் ஆராய்ச்சிக்கு மட்டுமே பணம் கொடுப்பது அரசாங்கங்களுக்கு அழகல்ல. அதுபோல, செய்கிற காரியத்தை எல்லோருக்கும் புரியும்படி சொல்வது விஞ்ஞானிகளின் கடமை. காட்ரின் விஞ்ஞானிகள் தெரிந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார்கள். தராசு பிடிக்கும் கைக்கு வேண்டிய முதல் குணம் அந்த நேர்மைதான்.