குளக்கரையில் எவருக்குப் புதுவாழ்வு?

வன்னியிற் குடியேறிப் புதுவாழ்வு கண்டவர்களின் கதையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். விழா மலர்களிலும் மேடைப் பேச்சுகளிலும் அது ஒரே அச்சில் வார்க்கப்பட்டு வருகின்றது. காடு வெட்டினார்கள், யானையோடும் மலேரியாவோடும் போராடினார்கள், இரணைமடுக் குளத்து நீரைப் பாய்ச்சிக் களஞ்சியங்களை நிரப்பினார்கள். கேட்பதற்கு இனிய கதைதான், பொய்யுமன்று. ஆனால் அது பாதிக் கதை. வெட்டிய கைகள் யாருடையவை, நிரம்பிய களஞ்சியங்கள் யாருடையவை என்னும் வினாவை எழுப்பாமலே அது முடிந்துவிடுகின்றது. அவ்வினாவை எழுப்புவதே எமது நோக்கம்.

கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுவைக் கட்டும் வேலை 1902இல் தொடங்கிற்று. 1936இல், குடாநாட்டின் சனநெருக்கத்தையும் வேலையின்மையையும் தணிக்கும் பொருட்டுக் கிளிநொச்சியிற் குடியேற்றம் ஆரம்பமாயிற்று. அதற்கு முந்திய ஆண்டிலே நிறைவேறிய காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் விவசாயிகளுக்கும் நடுத்தர வகுப்பாருக்கும் அரச காணி வழங்க வழி திறந்தது. அதே சட்டம் ‘இலங்கையர்’ எவர் என்பதைப் பூர்வீகத்தைக் கொண்டு வரையறுத்து, மலையகத் தோட்டத் தொழிலாளரை வாசலுக்கு வெளியே நிறுத்தியது. 1948இல் அவர்களின் குடியுரிமை பறிபோயிற்று. 1964இல் இரு நாட்டுத் தலைவர்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என மந்தையைப் பங்கிடுவதுபோலப் பங்கிட்டனர். எஞ்சிய 150,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கினர்.

இம்மக்களே வன்னிக் குளக்கரைகளை நாடி வந்தார்கள். 1958இன் கலவரம் சிலரைத் துரத்தியது. எழுபதுகளின் முற்பகுதியில் தோட்டங்களைச் சூறையாடிய பஞ்சம் மேலும் பலரைத் துரத்தியது. 1977உம் 1983உம் எஞ்சியோரையும் விட்டுவைக்கவில்லை. துணி மூட்டையுடன் வந்து இறங்கிய அவர்களுக்குக் கிளிநொச்சி எதைக் கொடுத்தது? வேலையைக் கொடுத்தது. 1970க்கும் 1977க்கும் இடையில் மிளகாய், வெங்காய இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டு விலை ஏறியபோது, வன்னித் தோட்டங்களிற் களை பிடுங்கவும் பழம் ஆயவும் மலிந்த கூலிக்குக் கைகள் தேவைப்பட்டன. கைகள் வரவேற்கப்பட்டன. கைக்குரிய மனிதனுக்குக் காணி கேட்டபோது மட்டும் முகங்கள் சுளித்தன.

குடியிருக்க அவர்களுக்கு இடம் கிடைத்தது எங்கே? மேட்டிலே! பாரதிபுரம், மலையாளபுரம் முதலிய கிராமங்களைப் பார்த்தவர்கள் இதனை அறிவார்கள். குளத்து நீர் துருசினால் இறங்கி, வாய்க்கால் வழியே பள்ளத்தை நோக்கிப் பாயும், மேட்டிற்கு ஏறாது. பள்ளத்து வயல் பத்திரம் உடையவனுக்கு. மேட்டுக் குடிசை அவ்வயலில் இறங்கி உழைப்பவனுக்கு. நாட்டின் மிகப் பெரிய குளங்களுள் ஒன்றின் அயலிலே, கோடையிற் குடிநீர்க் கிணறு வற்றிப்போக, குடத்துடன் அலையும் பெண்கள் இருக்கின்றார்கள். நீரின் இயல்பு என்று இதற்குச் சமாதானம் சொல்பவர்கள், மேட்டையும் பள்ளத்தையும் பங்கிட்டது நீர் அன்று, மனிதர் என்பதை மறந்துவிடுகின்றனர்.

சிறுபோகத்தை எடுத்துக்கொள்வோம். இரணைமடுவின் கீழுள்ள 20,000 ஏக்கருக்கு மேற்பட்ட வயல்கள் முழுவதற்கும் அப்போது நீர் போதாது. எத்தனை ஏக்கர் விதைப்பது, எவருக்கு எவ்வளவு பங்கு என்பதெல்லாம் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலே முடிவாகும். அம்முடிவில் ஏக்கர் குறைந்தாற் கூலியும் குறையும். கூலிக்காரன் வீட்டு உலையும் குளிரும். ஆயினும் காணி இல்லாதவனுக்கு அங்கே குரல் இல்லை.

யாழ்ப்பாணத்துக்கு இரணைமடு நீரைக் கொண்டுசெல்லும் திட்டம் 2011ஐ ஒட்டிய ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டபோது, குளத்தை நம்பி வாழ்பவர்க்கே குளத்தில் முதல் உரிமை என்று கமக்காரர்கள் எதிர்த்து நின்றனர். பின்னர் தாழையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் எழுந்து 2024இல் திறக்கப்பட்டது. கமக்காரரின் நியாயத்தை நாம் ஏற்கின்றோம். அதனாலேயே கேட்கின்றோம்: அந்த நியாயம் வயல் வரம்போடு நின்றுவிடுவதா? அதே குளத்தை நம்பி வாழும் கூலியாளுக்கு அதில் முதல் உரிமையும் இல்லை, கடைசி உரிமையும் இல்லையா?

“எல்லோரும் போரில் அழிந்தவர்கள், இப்போது பிரிவினை பேசலாமா?” என்பார் உளர். 2008இலும் 2009இலும் எல்லோரும் ஒரே தெருவில் ஓடினார்கள் என்பது உண்மை. ஆனால் மீளக்குடியேறிய பின், வீட்டுத்திட்டங்கள் வந்தபோது காணிக்கு ஆதாரம் கேட்கப்பட்டது. ஷெல் எவரிடமும் பத்திரம் கேட்கவில்லை. செங்கல்லும் சீமெந்தும் கேட்டன. பிரிவினை நாம் பேசுவதனால் உண்டாவதன்று. முன்னமே நிலத்தில் வேலியாக நாட்டப்பட்டிருப்பது. “2003இற் குடியுரிமை கொடுத்தாயிற்றே” என்பாரும் உளர். வாக்குச் சீட்டு வேண்டியதுதான். ஆனால் அதில் நெல் விளையாது.

ஆசிரியர்களே, மாணவ நண்பர்களே! இது அரசாங்கத்தை மட்டும் நோக்கிய குற்றச்சாட்டு அன்று. ‘தோட்டக்காட்டான்’ என்னும் சொல் எமது வகுப்பறைகளிலே இன்னும் ஒலிக்கின்றதா, இல்லையா? அரிவு வெட்டுக் காலத்திற் பின்வாங்கில் வெறுமையாகும்போது, அப்பிள்ளைகளைச் சோம்பேறிகள் என்று இடாப்பிற் சிவப்புக் கோடிடுவோர் நாமல்லவா? குடியேற்ற வரலாறு எழுதச் சொன்னால், முதற் காணி பெற்றவர்களின் பெயர்களை வரிசையாக எழுதி, காடு வெட்டியவர்களை ‘கூலியாட்கள்’ என்ற ஒரு சொல்லுக்குள் அடைத்துவிடுவோரும் நாமே.

இரக்கமோ நிவாரணப் பொதியோ இங்கு வேண்டப்படவில்லை. குடியிருக்கும் நிலத்துக்கு உறுதி, மேட்டு நிலத்துக்கு ஏற்றுநீர், நீர் பங்கிடும் கூட்டத்திற் குரல் ஆகிய மூன்றுமே கோரிக்கை. இவற்றுக்காக மேட்டுக் கிராமத்து மக்கள் மனு எழுதும்போது எழுதுகோல் பிடிக்கவும், கச்சேரி வாசலில் அவர்கள் நிற்கும்போது உடன் நிற்கவும் நாம் ஆயத்தமா? அவை கிடைக்கும் நாள்வரை, குளக்கரையிற் புதுவாழ்வு மலர்ந்தது என்று மேடையேறிப் பேசும் உரிமை எமக்கு இல்லை.