பயணம் என்றால் பிள்ளை ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறது?



ஆகஸ்ட் விடுமுறை நெருங்கும்போது தாய்மார் பலர் ஒரே குறையைத்தான் சொல்கிறார்கள். "கஷ்டப்பட்டுக் காசு சேர்த்து எங்கயாவது கூட்டிக்கொண்டு போவம் எண்டால் பிள்ளையளுக்கு விருப்பமே இல்லை அக்கா. மூத்தவன் போனோட இருக்கிறான். சின்னவள் வீட்டிலயே நிப்பம் எண்டு அழுகிறாள்."

பிள்ளைக்கு ஆசையில்லை என்று முடிவு கட்டுவதற்கு முன்னர், உங்கள் வீட்டில் பை கட்டும் நாள் எப்படி இருக்கும் என்று ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எங்களில் பலர் 1995இலும் 2006இலும் 2009இலும் பை கட்டியவர்கள். இன்று பத்து, பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளைகள் அதைக் காணவில்லை. ஆனால் அம்மாவின் கை அவசரப்படுவதைக் காண்கிறார்கள். அடையாள அட்டையும் பிறப்புப் பத்திரமும் இருக்கிறதா என்று நாலு தரம் தேடுவதையும், கேட்ட கேள்விக்கு எரிந்து விழுவதையும் காண்கிறார்கள். அம்மாவின் அந்த முகம்தான் பிள்ளைக்குப் பயணம்.

ஆகவே, பத்திரங்களை நீங்கள் தனியாக முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். உடுப்புப் பையைப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர், பகல் வெளிச்சத்தில், பிள்ளைகளையும் இருத்தி அடுக்குங்கள். சின்னவளுக்கு அவளுக்கென்று ஒரு சின்னப் பை கொடுங்கள். அதற்குள் அவள் பாவைப்பிள்ளையை வைத்தாலும் கல்லை வைத்தாலும் பேசாதீர்கள்.

இனி ஆசை ஊட்டும் வேலை. வவுனியாவிலிருந்து திருகோணமலைக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். ஒரு கிழமைக்கு முன்னரே, இரவு படுக்கும்போது ஒரு துண்டு மட்டும் சொல்லுங்கள். கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒவ்வொன்றின் சூடும் கொஞ்சம் வித்தியாசம். "எது கூடச் சுடும் எண்டு நீதான் தொட்டுப் பார்த்துச் சொல்லவேணும்" என்று விட்டுவிடுங்கள். மறுநாள் அவளே தொடர்ச்சியைக் கேட்பாள். அப்போது, தாயின் கிரியைக்காக இராவணன் ஏழு இடத்தில் குத்தி நீர் எடுத்தான் என்ற கதை. அடுத்த நாள், பிரெட்றிக் கோட்டைக்குள் ஆள் பயமில்லாமல் திரியும் மான்கள். பிறகு கோணேசர் கோயில். 1950இல் அந்த ஊரில் கிணறு தோண்டியபோது மண்ணுக்குள் இருந்து பழைய வெண்கலச் சிலைகள் வெளியே வந்தன என்று சொல்லுங்கள். நாங்களும் பாத்திரம் பண்டம் புதைத்துவிட்டு ஓடிய ஆட்கள்தானே, இந்தக் கதையை உங்களைவிட நன்றாக யார் சொல்லப்போகிறார்கள்!

மூத்தவனிடம் போனைப் பறிக்காதீர்கள். அதிலேயே வழியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹொரவப்பொத்தானையால் போகும் பஸ், பட்டினத்துக்குள் போக முன்னரே கன்னியாச் சந்தியைக் கடக்கும். அங்கே இறங்குவதா, பட்டினம் போய்த் திரும்பி வருவதா என்பதை அவன் தீர்மானிக்கட்டும். கையில் உள்ள காசின் கணக்கையும் மறைக்காமல் ஒரு கொப்பியில் எழுதிக் கொடுங்கள். புறாத்தீவுக்குப் படகுக் கூலி, நுழைவுச்சீட்டு என்று காசு கரைந்துவிடும். முடியாதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உப்புவெளிக் கடலுக்குக் காசு இல்லை, ஆகஸ்டில் அலையும் குறைவு. சுனாமிக்குப் பிறகு கடலைக் கண்டாலே நடுங்கும் தாய்மார் முழங்கால் நீர் வரைக்கும் என்று எல்லை போட்டு, கூடவே இறங்கி நில்லுங்கள்.

ஒன்றை மட்டும் முற்கூட்டியே யோசியுங்கள். ஆடி அமாவாசையில் கன்னியாவில் தகப்பனுக்குக் கிரியை செய்யச் சனம் கூடும். தகப்பன் காணாமற்போன வீட்டில், இருக்கிறாரா இல்லையா என்று தெரியாமல், நெற்றியில் பொட்டை வைப்பதா அழிப்பதா என்றே தீர்மானிக்க முடியாத தாய்மார் இருக்கிறார்கள். அன்றைக்கு அங்கே போய் நின்றால், "நாங்கள் ஏன் அப்பாவுக்குச் செய்யேல்லை?" என்று பிள்ளை கேட்கும். அதற்கு மறுமொழி சொல்ல உங்களுக்கு இன்னும் மனம் வரவில்லை என்றால், நாட்காட்டியைப் பார்த்து வேறு நாளைக் குறியுங்கள். மறுமொழி ஆயத்தம் என்றால் போங்கள், அதுவும் நல்லதுதான். "அப்பா இருந்திருந்தால் காரில போயிருப்பம்" என்று மூத்தவன் சொன்னால் வாயை அடைக்காதீர்கள். அப்பா எந்த ஊருக்குப் போக ஆசைப்பட்டவர் என்று கதையுங்கள்.

"புருசன் இல்லாதவள் ஊர் சுத்துறாள்" என்று யாரும் சொன்னால், அவர்கள் உங்கள் பிள்ளைக்கு ஒரு நாள் சோறு போட்டவர்களா என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தாயையும் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு போனால் தங்கும் செலவும் பாதியாகும், இரவில் துணையும் இருக்கும்.

இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொள்ளுங்கள். சத்தி எடுக்கும் பிள்ளையை முன் ஆசனத்தில், யன்னல் பக்கம் இருத்துங்கள். கையில் ஒரு தேசிக்காயும் இரண்டு பொலித்தீன் பையும் இருக்கட்டும்.