சிவப்பு உறையும் நீல உறையும்

சென்ற திங்கள் நமது சங்க நூலகத்திற்கு அன்பர் ஒருவர் ஓர் அட்டைப் பெட்டியைக் கொணர்ந்து கொடுத்தார். செம்பூரில் நாற்பது ஆண்டுகளாகக் குடியிருந்தவர். இப்பொழுது வீட்டை ஒழித்துக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்புகிறார். அமெரிக்காவில் சில காலம் பணியாற்றி மீண்ட அவருடைய மகன் விட்டுச் சென்ற திரைப்படத் தகடுகள் அப்பெட்டியில் இருந்தன. "புத்தகம் கேட்டால் தகடு வருகிறதே" என்று நூலகர் முணுமுணுத்தார். எனினும் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினார். பதினொரு தகடுகள் சிவப்பு உறையில் இருந்தன. பதினான்கு நீல உறையில் இருந்தன. ஒரே படம் சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு முறை வாங்கப்பட்டிருந்ததையும் கண்டோம்.

சங்கத்தில் உள்ள ப்ளூ-ரே கருவியில் அவற்றை இட்டுப் பார்த்தோம். நீலத்தில் சில ஓடின. வேறு சில, இத்தகடு இந்த நாட்டுக் கருவிக்கு உரியதன்று என்னும் பொருள்பட ஓர் அறிவிப்பைக் காட்டிவிட்டு நின்றன. சிவப்பில் ஒன்றேனும் அசையவில்லை. நூலகர் மனம் தளராமல் மறுநாள் லாமிங்டன் ரோட்டுக்குச் சென்று, சிவப்புத் தகட்டை ஓட்டும் கருவி கிடைக்குமா என்று கடை கடையாக விசாரித்தார். இளைஞராக இருந்த கடைக்காரர்கள் அவ்வுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்களாம். முதியவர் ஒருவர் மட்டும் சிரித்து, "சண்டையில் செத்துப்போனது, ஐயா" என்றாராம்.

அந்தச் சண்டையைப் பற்றியே இத்திங்கள் எழுத முற்பட்டோம்.

எழுத்தாணி கூர்மையாக இருப்பின் ஓலை ஒன்றில் அதிகம் எழுதலாம். தகட்டிற்கும் அதுவே கணக்கு. தகட்டின் மீது நுண்ணிய குழிகளாகப் பொறிக்கப்பட்டிருப்பதை லேசர் ஒளி படிக்கிறது. ஒளியின் அலைநீளம் குறையக் குறையக் குழிகளையும் சிறியனவாக, நெருக்கமாகப் பொறிக்க இயலும். பாட்டுக் கேட்கும் குறுந்தகட்டிற்கு 780 நானோமீட்டர் ஒளி, டி.வி.டி.க்கு 650 நானோமீட்டர் கொண்ட சிவப்பு ஒளி. டி.வி.டி.யின் ஓர் அடுக்கு கொள்வது 4.7 கிகாபைட். அகன்ற புதிய தொலைக்காட்சிகளில், 1920-க்கு 1080 புள்ளிகள் கொண்ட தெளிவான படம் காட்ட வேண்டுமானால் அவ்விடம் போதாது. அதனினும் நுண்ணிய நீல ஒளி வேண்டியிருந்தது. அவ்வொளியைத் தரும் பொருள் நெடுங்காலம் எவர்க்கும் எளிதில் கைவரவில்லை. ஜப்பானில் நிச்சியா என்னும் நிறுவனத்தில் பணிபுரிந்த ஷுஜி நகமுரா 1993-இல் பிரகாசமான நீல விளக்கையும், அதன் பின்னர் நீல லேசரையும் செய்து காட்டினார். நீல விளக்கிற்காக அவருக்கும் அகசாகி, அமானோ ஆகிய இருவருக்கும் 2014-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பின்னர்ப் பகைத்துக்கொண்ட இரு தரத்தாரும் கைக்கொண்டது 405 நானோமீட்டர் கொண்ட ஒரே நீல ஒளியைத்தான். தகட்டின் அளவும் ஒன்றே. திரையில் தெரியும் படமும் ஒன்றே. வேறுபாடு எங்கே என்றால், எழுத்து எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்பதில்தான். ஸோனி, பானஸானிக், பிலிப்ஸ் முதலிய ஒன்பது நிறுவனங்கள் 2002 பிப்ரவரியில் அறிவித்த ப்ளூ-ரே முறையில், எழுத்து தகட்டின் மேற்பரப்பிற்கு 0.1 மில்லிமீட்டர் அடியிலேயே இருக்கும். அதனால் ஓர் அடுக்கில் 25 கிகாபைட் பதியலாம். ஆனால் கீறல் பட்டால் தாங்காது. தொடக்கத்தில் தகட்டை ஓர் உறைக்குள்ளேயே வைத்து ஓட்டினார்கள். கடினமான மேற்பூச்சு ஒன்று கண்டறியப்பட்ட பின்னரே அவ்வுறை நீங்கிற்று. டோஷிபாவும் என்.ஈ.சி.யும் முன்வைத்த எச்.டி. டி.வி.டி. முறையிலோ பழைய டி.வி.டி.யைப் போலவே 0.6 மில்லிமீட்டர் ஆழம். கொள்ளளவு அடுக்கிற்கு 15 கிகாபைட். கொள்வது குறைவாயினும், பழைய டி.வி.டி. தொழிற்சாலைகளைச் சிறிது திருத்தினாலே அதை அச்சிட முடியும். இரு பக்கத்திலும் நியாயம் இருந்தது என்பதே நம் கருத்து.

நியாயம் இருப்பவர்கள் சமரசத்திற்கு வருவதில் என்ன தடை என்று நேயர்கள் கேட்கலாம். 1995-இல் வந்திருக்கிறார்கள். டி.வி.டி. பிறக்கும் முன்னரும் ஸோனி-பிலிப்ஸ் அணி ஒன்றும், டோஷிபா-டைம் வார்னர் அணி ஒன்றும் எதிரெதிரே நின்றன. ஐ.பி.எம். முதலிய கணினி நிறுவனங்கள் இரண்டையும் ஏற்க மாட்டோம் என்று அழுத்தம் கொடுத்த பின்பு ஒரே முறைக்கு உடன்பட்டனர். அதற்கு முன்னர் நடந்த வீடியோ நாடாப் போரின் நினைவும் அவர்களுக்கு இருந்திருக்கும். ஸோனி 1975-இல் கொணர்ந்த பீட்டாமாக்ஸ், மறு ஆண்டு ஜே.வி.சி. கொணர்ந்த வி.எச்.எஸ்.ஸிடம் தோற்றது, 1988-இல் ஸோனியே வி.எச்.எஸ். கருவி செய்ய நேர்ந்தது. ஆயினும் 2005-இல் ஸோனியும் டோஷிபாவும் அமர்ந்து நடத்திய பேச்சு முறிந்தது. 0.1-ஆ, 0.6-ஆ என்பதில் எவரும் இறங்கி வரவில்லை. ஒரு முறை வென்றால், உலகெங்கும் விற்கும் ஒவ்வொரு தகட்டிலும் கருவியிலும் அம்முறைக்கு உரியவர்களுக்குக் காப்புரிமைப் பங்கு வந்துகொண்டே இருக்கும். அரை மில்லிமீட்டருக்காக மட்டும் மனிதர் இவ்வளவு பிடிவாதம் கொள்வதில்லை.

2006-இல் இரண்டும் கடைக்கு வந்தன. அமெரிக்காவில் டோஷிபாவின் கருவி 499 டாலர்; இரண்டு திங்கள் கழித்து வந்த சாம்ஸங்கின் ப்ளூ-ரே கருவி ஏறத்தாழ 1000 டாலர். விலையை மட்டும் பார்த்தால் முடிவு எளிது. ஆனால் படக்கம்பெனிகள் முன்னரே பிரிந்து நின்றன. யூனிவர்ஸல் படங்கள் சிவப்பில் மட்டுமே கிடைத்தன. ஸோனி, டிஸ்னி, பாக்ஸ் படங்கள் நீலத்தில் மட்டுமே. வார்னரும் பாரமவுண்டும் இரண்டிலும் வெளியிட்டன. எந்தக் கருவியை வாங்கினாலும் பாதிப் படங்களைப் பார்க்க இயலாது. செம்பூர் அன்பரின் மகன் இரண்டு கருவியும் வாங்கினாரா என்று கேட்டோம். "ஆம், ஐயா. அப்போது அவன் பிரம்மசாரி" என்றார் அவர்.

அவ்வாண்டு நவம்பரில் ஸோனி தன் பிளேஸ்டேஷன் 3 விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. ஒவ்வொன்றின் உள்ளும் ப்ளூ-ரே ஓட்டும் பகுதி இருந்தது. விளையாட்டிற்காகப் பிள்ளைகள் கேட்டு வாங்கியது, பெற்றோர் அறியாமலே வீட்டில் ப்ளூ-ரே கருவியாகவும் அமர்ந்துகொண்டது. எதிரணியின் நண்பராகிய மைக்ரோஸாப்டோ தன் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு எச்.டி. டி.வி.டி. பகுதியைத் தனியே 199 டாலருக்கு விற்றது. தனியே காசு கொடுத்து வாங்கு என்றால் எத்தனை பேர் வாங்குவர்?

2007 ஆகஸ்டில் பாரமவுண்டும் டிரீம்வொர்க்ஸ் அனிமேஷனும் திடீரென்று நீலத்தைக் கைவிட்டுச் சிவப்பின் பக்கம் சென்றன. அதற்கு ஈடாக 15 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகள் கைமாறின என்று அந்நாட்டுப் பத்திரிகைகள் எழுதின. நவம்பர் 2 அன்று வால்மார்ட் கடைகள் டோஷிபாவின் கருவியை 98.87 டாலருக்கு விற்றன. அன்று ஒன்றை வாங்கி மகிழ்ந்து வீடு திரும்பிய குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். 2008 ஜனவரி 4 அன்று வார்னர், இனி நீலத்தில் மட்டுமே வெளியிடுவோம் என்றது. லாஸ் வேகாஸில் இரண்டொரு நாளில் நடைபெறவிருந்த எச்.டி. டி.வி.டி. அணியின் பத்திரிகையாளர் கூட்டம் கைவிடப்பட்டது. பிப்ரவரியில் நெட்பிளிக்ஸும் வால்மார்ட்டும் அடுத்தடுத்து நீலத்தின் பக்கம் சாய்ந்தன. பிப்ரவரி 19 அன்று டோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டு எச்.டி. டி.வி.டி. தொழிலை நிறுத்தியது. வால்மார்ட் விற்பனைக்கும் இதற்கும் இடையே மூன்றரைத் திங்கள். மறு ஆண்டே டோஷிபாவும் ப்ளூ-ரே கருவி செய்யலாயிற்று.

இரண்டு ஆண்டுகள் நடந்த இப்போரில் படத்தின் தெளிவு ஒருபோதும் வழக்காக இருந்ததில்லை. வார்னர் ஒரே படத்தை இரண்டிலும் வெளியிட்டபோது கண்ணால் வேறுபாடு காண்பது அரிது. மலிவானது வெல்லும் என்னும் பழைய நம்பிக்கையும் இங்குப் பொய்த்தது. வார்னரின் ஒரு வெள்ளிக்கிழமை அறிவிப்பு, அதுவரை விற்ற கருவிகளையெல்லாம் பழம்பொருளாக்கிவிட்டது. டோஷிபாவிற்காக நாம் இரங்கவில்லை. அது பெரிய நிறுவனம், தாங்கிக்கொண்டது. பெஸ்ட் பை என்னும் கடை தன்னிடம் எச்.டி. டி.வி.டி. கருவி வாங்கியவர்களுக்கு 50 டாலர் மதிப்புள்ள சீட்டு அனுப்பிற்று. அதைக்கூடச் செய்யாத கடைகளே மிகுதி.

அக்காலத்தில் நாம் இங்கே என்ன செய்துகொண்டிருந்தோம்? மோஸர் பேயர் நிறுவனம் தமிழ்ப்படங்களை வி.சி.டி. 28 ரூபாய்க்கும் டி.வி.டி. 34 ரூபாய்க்கும் விற்றதை வாங்கி, ஞாயிறுதோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். தமிழ்ப்படம் ஓடும் கொட்டகை தொலைவாக இருந்த குடும்பங்களுக்கு அத்தகடுகள் எத்துணை ஆறுதல் என்பதை நேயர்கள் அறிவர். அமெரிக்கப் போரின் ஓசை நமக்கு எட்டவே இல்லை. (அந்நிறுவனத்தைக் கலைக்குமாறு 2018-இல் உத்தரவாயிற்று என்பது வேறு கதை.)

ஆயினும் அப்போரின் முடிவு நம்மையும் தொட்டது. சங்கக் கருவியில் சில நீலத் தகடுகள் ஓட மறுத்தன என்றோமே, அதன் காரணம் இதுதான். ப்ளூ-ரே அணியினர் உலகை ஏ, பி, சி என்று மூன்று மண்டலங்களாகப் பிரித்தார்கள். அமெரிக்கா ஏ, ஐரோப்பாவும் ஆஸ்திரேலியாவும் பி, நம் நாடு சி. ஒரு மண்டலத்திற்கெனப் பூட்டிய தகடு மற்றொரு மண்டலத்துக் கருவியில் ஓடாது. வார்னர் போன்றோர் பெரும்பாலும் இப்பூட்டை இடுவதில்லை. பாக்ஸ் போன்றோர் பலமுறை இட்டனர். தோற்றுப்போன எச்.டி. டி.வி.டி.யிலோ நாட்டுப் பூட்டே கிடையாது. பிழைப்பிற்காகக் கடல் கடந்தும் மாநிலம் கடந்தும் பிரிந்து வாழும் நம்மனோர், அண்ணன் அனுப்பியதைத் தங்கை பார்க்க வேண்டும் என்று விரும்புபவர்கள். அந்த ஒரு கோணத்தில், தோற்ற முறையே நமக்கு நல்லதாக இருந்தது. 2016-இல் வந்த 4கே ப்ளூ-ரேயில் பூட்டை நீக்கிவிட்டார்கள் என்பது உண்மை. அதற்குள் பெரும்பாலான வீடுகளில் தகடு வாங்கும் வழக்கமே குறையத் தொடங்கிவிட்டது.

வென்றவர் நெடுநாள் வெற்றியை அனுபவிக்கவும் இல்லை. போர் மும்முரமாக நடந்த 2007 ஜனவரியிலேயே நெட்பிளிக்ஸ் தகடின்றி, இணையத்தின் வழியே படம் காட்டத் தொடங்கியிருந்தது. 2019-இல் சாம்ஸங் அமெரிக்காவிற்கெனப் புதிய ப்ளூ-ரே கருவிகள் செய்வதை நிறுத்தியது. வீட்டில் பதிவு செய்யும் ப்ளூ-ரே தகடுகளின் உற்பத்தியை ஸோனியே 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது. படங்கள் மட்டும் இன்னும் தகடாக வருகின்றன.

அந்தப் பெட்டியின் கதைக்கு மீள்வோம். சிவப்புத் தகடுகளில் இரண்டு, ஒரு பக்கம் எச்.டி. டி.வி.டி.யாகவும் மறு பக்கம் சாதாரண டி.வி.டி.யாகவும் செய்யப்பட்டவை. நூலகர் இதைக் கண்டுபிடித்துத் திருப்பிப் போட்டார். டி.வி.டி.க்கும் மண்டலப் பூட்டு உண்டாகையால் சங்கக் கருவி மறுத்தது. காவலாளியின் அறையிலிருந்த, பெயர் தெரியாத ஒரு மலிவுக் கருவி எந்தப் பூட்டையும் பொருட்படுத்தாமல் ஓட்டிற்று!

மற்றொரு சிவப்பு உறைக்குள் அச்சிட்ட படமே இல்லை. மையால் "அம்மா, அப்பா – அறுபதாம் கல்யாணம்" என்று கையால் எழுதிய வெறும் தகடு இருந்தது. சாதாரண டி.வி.டி. மகன் விடுமுறையில் வந்தபோது எடுத்து, கைக்கு அகப்பட்ட உறையில் போட்டு வைத்திருக்க வேண்டும். அதுவும் காவலாளியின் கருவியில் ஓடிற்று. மாலையும் கழுத்துமாக அன்பர் அமர்ந்திருந்தார். அருகில், மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமான அவர் துணைவியார். ஒலி சற்றே விட்டு விட்டுக் கேட்டது. தகட்டின் ஓரம் மங்கத் தொடங்கியிருந்தபடியால் நூலகர் அன்றிரவே கணினியில் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை ஒரு சிறு பென்டிரைவில் இட்டார். மூலத்தையும் அதையும் அன்பரிடம் நாமே கொண்டு சென்று சேர்ப்பித்தோம். இப்படி ஒன்று அப்பெட்டியில் இருந்ததே அவருக்குத் தெரியாது.

ஓடும் நீலத் தகடுகளை உறுப்பினர்கள் ஞாயிறு காலையில் வந்து பெற்றுக்கொள்ளலாம். எஞ்சிய எட்டுச் சிவப்புத் தகடுகள் அலமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. எறிய நூலகருக்கு மனம் வரவில்லை. நேயர்களில் எவர் வீட்டுப் பரணிலேனும் எச்.டி. டி.வி.டி. கருவி ஒன்று கிடக்குமாயின், சங்கத்திற்கு ஒரு வரி எழுதக் கோருகிறோம். வீட்டு விசேஷங்கள் பதிந்த பழைய நாடாவோ தகடோ வைத்திருப்பவர்கள் அவற்றையும் கொண்டு வரலாம். நூலகர் பிரதி எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். வி.எச்.எஸ். ஓட்டும் கருவி சங்கத்தில் ஒன்றுண்டு, இப்போதைக்கு ஓடுகிறது.