உங்கட பிரவுசர் முதலாம் இடம் வந்தா நமக்கென்ன?

விடுதியில எங்கட அறையில நாலு பேர். ஒருத்தன் குரோம், ஒருத்தன் எட்ஜ், ஒருத்தன் பிரேவ், நான் பயர்பொக்ஸ். போன மாதம் ஒரு நாள் ராச்சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கின சண்டை ஒண்டரை மணிக்குத்தான் அடங்கினது. காதலும் இல்ல, அரசியலும் இல்ல. எவன்ட பிரவுசர் பெரிசு எண்டுதான் சண்டை.

குரோம்காரன் ஸ்டட்கவுண்டர் தரவரிசையைப் போனில தூக்கிக் காட்டினான். "பாருங்கடா, உலகமே நம்மட பக்கம்." எட்ஜ்காரன் தன்ட பிரவுசருக்கு பற்றரி கூட நேரம் நிக்கும் எண்டான். பிரேவ்காரன், உளவு பார்க்கப்படுறது தெரியாம வாழுற அப்பாவிகள் எண்டு எங்க மூண்டு பேருக்காகவும் கவலைப்பட்டான். நான் சும்மா இருந்தேனா? 2008 ஜூனில பயர்பொக்ஸ் 3 வெளிவந்து 24 மணித்தியாலத்தில 80 இலட்சத்துக்கு மேல தரவிறக்கமாகி, கின்னஸில ஏறின கதையை எடுத்து வீசினேன். என்னமோ நானே போய்ப் பதக்கம் வாங்கி வந்த மாதிரி.

2008 இல் எனக்கு வயசு நாலு. இடம்பெயர்ந்து போன எங்கட குடும்பம் வாகரைக்குத் திரும்பி வந்து ஒரு வருசம்தான். வீட்டில கொம்பியூட்டர் எண்ட சாமானே இல்ல. பிறகு ஆருட வெற்றியை நான் என்ட வெற்றி எண்டு கத்தினேன்?

இந்தக் கேள்வி அந்த ராவு எனக்கு வரல. அடுத்த கிழமை தங்கச்சி கோல் எடுத்தபோதுதான் வந்தது. அவ ஒரு அலுவலகத்துக்கு ஒன்லைனில விண்ணப்பம் போடோணும். கடைசித் திகதிக்கு ரெண்டு நாள். அவட போனில பயர்பொக்ஸ் போட்டுக் குடுத்தது நான்தான். படிவம் திறக்குது, நிரப்பலாம், கடைசியில "சமர்ப்பி" பட்டனை எத்தினை தரம் அமத்தினாலும் அசையுதில்ல. போனோட வந்த குரோமில முயற்சி பண்ணினா, போன் பழசு, உள்ளே இடமில்ல, புதுப்பிக்க ஏலாது, பக்கமே திறக்குதில்ல. அலுவலகத்துக்கு அழைச்சுக் கேட்டா. வந்த பதில்: "எல்லாரும் குரோம்தானே பாவிக்கிறாங்க. புது குரோமில போடுங்க பிள்ள."

எல்லாரும் குரோம்தானே. எங்கட அறையில ராவு ஒரு மணிக்குக் கேட்ட அதே வசனம். தங்கச்சி அடுத்த நாள் பஸ் ஏறி, பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி, வாழைச்சேனையில ஒரு கொமினிகேசன் கடையில காசு குடுத்து அந்தப் படிவத்தை அனுப்பினா.

அண்டைக்குத்தான் எனக்கு உறைச்சது. தரவரிசைச் சண்டை வெறும் பம்பல் இல்ல. அது ஆரோ ஒருத்தர் தன்ட வேலையை அரைகுறையா விடுறதுக்கு நாம இலவசமா எழுதிக் குடுக்கிற மன்னிப்புக் கடிதம்.

முதல்ல, இந்தத் தரவரிசை எப்படி வருது எண்டு பார்ப்பம். எங்கட ஊர்க் கரையில ரெண்டு தோணி வருது. ஒண்டில சூடை நிறைய. மற்றதில அறுக்குளா பத்து. ஆருக்கு மீன் கூடப் பட்டது? எண்ணினா சூடைக்காரன். நிறுத்தா சில வேளை அறுக்குளாக்காரன். ரெண்டு பேரும் பொய் சொல்லல. எதை அளந்தீங்க எண்டு கேக்காம "ஆர் முதலாவது" எண்டு கேட்டவன்தான் மடையன்.

2012 மே மாதம் இதுதான் நடந்தது. ஸ்டட்கவுண்டர் கணக்கில குரோம் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை முந்தினது. ரெண்டும் 32 சதவீதத்துக்குக் கிட்ட, மயிரிழை வித்தியாசம். அதே மாதம் நெட் அப்ளிகேசன்ஸ் எண்ட மற்ற நிறுவனத்தின் கணக்கில எக்ஸ்புளோரர் 54 சதவீதம், குரோம் 20 கூட இல்ல. ஒரே உலகம், ஒரே மாதம், ரெண்டு முடிவு. காரணம் சிம்பிள். ஸ்டட்கவுண்டர் திறக்கப்பட்ட பக்கங்களை எண்ணினது. நெட் அப்ளிகேசன்ஸ் வந்து போன ஆக்களை எண்ணினது. அதுக்கு மேல, ஒவ்வொரு நாட்டிலும் எத்தினை பேர் இணையம் பாவிக்கிறாங்க எண்டதுக்கு ஏத்த மாதிரி எடையைக் கூட்டிக் குறைச்சது. எக்ஸ்புளோரரைச் செய்த மைக்ரோசொப்ட் அந்த வருசம் மார்ச்சிலேயே ஸ்டட்கவுண்டர் முறையில பிழை பிடிச்சது. நீங்க திறக்காத பக்கத்தையும் குரோம் முன்கூட்டியே பின்னால ஏத்தி வைக்குது, அதுவும் கணக்கில சேருது எண்டது ஒரு குற்றச்சாட்டு. அதில நியாயம் இருந்தது. மே மாதத்தில இருந்து ஸ்டட்கவுண்டர் அதைக் கழிச்சுத்தான் எண்ணினது. ஆனா மைக்ரோசொப்ட் தோற்றுக்கொண்டு வராட்டி அந்தப் பிழையைத் தேடியிருக்குமா? நெட் அப்ளிகேசன்ஸ் 2020 இல் அந்தக் கணக்கெடுப்பையே நிப்பாட்டிப் போட்டுது.

எங்கட பிரேவ்காரனுக்கு ஒரு விசயம். உன்ட பிரவுசர் இணையத்தளங்களுக்குத் தன்னை அறிமுகப்படுத்திறதே குரோம் மாதிரித்தான். பாவனையாளரைத் தனிச்சு அடையாளம் காண விடக்கூடாது எண்டு அப்படி வச்சிருக்கிறாங்க, நல்ல காரணம்தான். ஆனா நீ மூண்டு மணித்தியாலம் எதிர்த்துப் பேசின அந்தத் தரவரிசையில நீயும் குரோமின்ட கணக்கிலதான் நிக்கிறாய் மச்சான்.

வாகரையில ஒரு போனை அம்மா, தங்கச்சி, பக்கத்து வீட்டுப் பிள்ளை எண்டு மூண்டு பேர் பாவிக்கிறாங்க. ஆக்களை எண்ணுற கணக்கில அது ஒரு ஆள். ரீலோட் முடிஞ்ச கிழமை அந்த ஒரு ஆளும் இல்ல. நாம கூவிக் கொண்டாடுற அட்டவணையில நம்மட வீடு இருக்கிற இடம் இவ்வளவுதான்.

இனி விளம்பரத்துக்கு வருவம். எட்ஜ்காரா, உனக்குத்தான் இது. 2016 ஜூனில மைக்ரோசொப்ட் நாலு மடிக்கணினியை வரிசையா வச்சுச் சோதிச்சது. எட்ஜ் 7 மணி 22 நிமிசம், ஓபெரா 6 மணி 18 நிமிசம், பயர்பொக்ஸ் 5 மணி 9 நிமிசம், குரோம் 4 மணி 19 நிமிசம். உன்ட பற்றரிக் கதையின்ட வேர் இங்கதான். மறுகா நடந்ததை உனக்கு ஒருத்தரும் சொல்லல. அதே மாதம் ஓபெரா தன்ட சோதனையை வெளியிட்டது. அதில ஓபெரா எட்ஜை விட 22 சதவீதம் கூட நேரம் நிண்டது. மைக்ரோசொப்ட் வச்ச பரீட்சையில எட்ஜ் முதலாம் பிள்ளை, ஓபெரா வச்ச பரீட்சையில ஓபெரா முதலாம் பிள்ளை. தாளைத் தானே போட்டு, தானே திருத்தினா எங்கட பீடத்திலயும் எல்லாருக்கும் முதல் வகுப்புத்தான்.

இதில ஒருத்தரும் சுத்தமில்ல. குரோமின்ட மறைநிலைப் பக்கம் "தனிப்பட்டது" எண்டு நம்பினவங்க 2020 இல் அமெரிக்காவில கூகுளுக்கு எதிரா வழக்குப் போட்டாங்க. 2024 இல் கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்கக் கூகுள் இணங்கினது. "வேகம், வேகம்" எண்டு நம்மட பகுதியிலயும் ஓடித் திரிஞ்ச யூசி பிரவுசர், போனின்ட அடையாள எண்ணையும் தேடின சொற்களையும் பாதுகாப்பில்லாம வெளியே அனுப்புது எண்டு 2015 இல் கனடாவின் சிற்றிசன் லாப் ஆய்வாளர்கள் காட்டினாங்க. தனியுரிமையே உயிர் எண்ட பிரேவ், 2020 இல் சில கிரிப்டோ தளங்களின் முகவரியை அடிக்கேக்குள்ள தனக்குத் தரகு வாற இணைப்பை நைசாச் சேர்த்துப் பிடிபட்டது. பிறகு பிழைதான் எண்டு ஒத்துக்கொண்டது. என்ட பயர்பொக்ஸ்? உங்கட தரவை ஒருக்காலும் விக்கமாட்டம் எண்டு எழுதி வச்சிருந்த வாக்குறுதியை 2025 பெப்ரவரியில பக்கத்தில இருந்து தூக்கினது. சட்டத்தில "விற்பனை" எண்ட சொல்லுக்கு அர்த்தம் அகலம் எண்டு விளக்கம் சொன்னாங்க. விளக்கத்தை வாசிச்சேன். வயிறு எரிஞ்சதுதான் மிச்சம்.

இன்னும் சிரிப்பான விசயம் இருக்கு. நாலு பேரும் நாலு அணி எண்டு நினைச்சுத்தானே கத்தினம்? குரோம், பிரேவ், 2020 இல் இருந்து எட்ஜ், அதுக்கு முதலே ஓபெரா, எல்லாத்துக்கும் உள்ளே ஓடுறது கூகுள் முன்னின்று செய்யிற குரோமியம். ஒரே இயந்திரம், வேற வேற பெயின்ட். நான் மட்டும் வேற இயந்திரம் எண்டு நெஞ்சை நிமிர்த்தலாம், ஆனா என்ட பயர்பொக்ஸைச் செய்யிற மொசில்லாவின்ட வருமானத்தில பெரும்பங்கு கூகுளிடமிருந்துதான் வருது, கூகுள் தேடலை முதல் தெரிவா வச்சிருக்கிறதுக்கு. அப்படி முதல் தெரிவா இருக்கிறதுக்கு மட்டும் கூகுள் 2021 இல் பல நிறுவனங்களுக்கும் சேர்த்து 2,630 கோடி டொலர் குடுத்தது எண்டு அமெரிக்க நீதிமன்றத்தில வெளிவந்தது. ஏன் குடுக்கிறாங்க? பெட்டியில இருந்து எடுக்கேக்குள்ள இருக்கிறதை ஆக்கள் மாத்தமாட்டாங்க எண்டு தெரிஞ்சுதான். "உலகமே நம்மட பக்கம்" எண்டு நீ காட்டின படத்தில, தேடி எடுத்தவன் எத்தினை பேர், போனோட வந்ததை அப்படியே வச்சிருக்கிறவன் எத்தினை பேர் எண்டு பிரிச்சுப் போட்டிருக்கா?

"டேய், இது கிரிக்கெட் மாதிரித்தானே, சும்மா ஒரு பம்பல்" எண்டு நீங்க சொல்லுவீங்க. சரி. ஆனா கிரிக்கெட்டில இலங்கை வெண்டா இந்தியாவுக்கு ஆதரவானவன்ட வீட்டுக் கதவு பூட்டப்படுறதில்ல. இங்க பூட்டப்படும். இணையத்தளம் செய்யிறவர் தரவரிசையைப் பார்க்கிறார், முதலாவதா நிக்கிறதில மட்டும் சோதிக்கிறார், மற்றது வேலை செய்யாட்டி உங்கட பிழை எண்டுறார். வேலை செய்யாததால ஆக்கள் முதலாவதுக்கு மாறுறாங்க. அடுத்த மாதத் தரவரிசையில அது இன்னும் மேல. தென்கொரியாவில பல வருசமா வங்கி வேலைக்கு இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இல்லாம முடியாது எண்ட நிலை இப்படித்தான் இறுகினது. அந்த எக்ஸ்புளோரரை 2022 ஜூனில மைக்ரோசொப்டே நிப்பாட்டினது. முதலாம் இடம் நிலைக்காது. அதை நம்பிக் கட்டின கதவுதான் நிலைச்சு நிண்டு நம்மளை மறிக்கும்.

அப்ப நாம எதுக்குச் சண்டை பிடிச்சிருக்கோணும்?

என்ட அண்ணன்ட பட்டன் நோக்கியா போன் ஞாபகம் வருது. அதில தமிழ் எழுத்துரு இல்ல. தமிழ்ப் பக்கம் திறந்தா பெட்டி பெட்டியாத்தான் தெரியும். ஓபெரா மினியில முகவரி அடிக்கிற இடத்தில "ஓபெரா:கொன்ஃபிக்" எண்டு ஆங்கிலத்தில அடிச்சு, வாற பட்டியலின்ட கடைசிக்குப் போய், சிக்கலான எழுத்துகளைப் படமாக் காட்டு எண்ட தெரிவை "ஓம்" ஆக்கினா, ஓபெராவின்ட சேவையகம் தமிழைப் படமாக்கி அனுப்பும். எழுத்து கொஞ்சம் கரடுமுரடு, டேட்டாவும் கூடப் போகும். ஆனா வாசிக்கலாம். வாய்வழியா, ஒருத்தர் போனை மற்றவர் வாங்கிச் சரிபண்ணிக் குடுத்து, இந்த வித்தை தமிழ் வாசிக்கிற இடமெல்லாம் பரவினது. நம்மளுக்கு ஒரு பிரவுசர் உண்மையாவே உதவின நேரம் அது. எந்தத் தரவரிசையிலயாவது "தமிழ் தெரியுதா" எண்டு ஒரு நிரல் பார்த்திருக்கிறீங்களா?

இன்னொண்டு. பயர்பொக்ஸின் பழைய பதிப்புகளில "தமிழ் (இலங்கை)" எண்டு தனியா ஒரு மொழித் தெரிவு இருந்தது. இப்ப பட்டியலில "தமிழ்" மட்டும்தான். 2008 கின்னஸ் சாதனையை மனப்பாடமா ஒப்பிச்ச எனக்கு, என்ட நாட்டின்ட பேரோட ஒரு தமிழ் அதே பிரவுசரில இருந்தது தெரியாது, போனதும் தெரியாது. ரசிகன் எண்டா இதுதான். கம்பனியின்ட பிறந்தநாள் தெரியும், சொந்த வீட்டுக் கதவு கழண்டது தெரியாது.

அதால என்ட அறை நண்பர்களுக்கும், வேற அறைகளில இதே சண்டை பிடிக்கிறவங்களுக்கும் சொல்லுறன். தரவரிசையைக் கண்டா மூண்டு கேள்வி கேளுங்க: எண்ணினது ஆர், எண்ணினது எதை, எண்ணினதால லாபம் ஆருக்கு. "வேகம்", "பாதுகாப்பு", "தனிப்பட்டது" எண்ட சொல்லைக் கண்டா, பரீட்சைத் தாளைப் போட்டது ஆர் எண்டு பாருங்க. பிறகு அந்த ஒண்டரை மணி வரைக்குமான தொண்டைத் தண்ணியை உருப்படியாச் செலவழிங்க. தமிழ்ப் பக்கம் உடைஞ்சு தெரிஞ்சா அந்தத் தளத்துக்கு எழுதுங்க. படிவம் ஒரு பிரவுசரில மட்டும் வேலை செய்தா, எந்தப் போன், எந்தப் பதிப்பு எண்டு குறிச்சு முறைப்பாடு குடுங்க. பயர்பொக்ஸை ஆரும் தமிழாக்கலாம். ஒரு நாளைக்குப் பத்து வரி போதும்.

நான் அந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன், நல்ல தமிழில, பணிவா. பதில் இன்னும் வரல. ரெண்டாவது கடிதம் எழுதேக்குள்ள குரோம்காரன் பக்கத்தில வந்து நிண்டு வாசிச்சான். "இதில நானும் கையெழுத்து வைக்கவா மச்சான்?" எண்டு கேட்டான்.

இப்ப அதில நாலு கையெழுத்து இருக்கு.