டிஜிட்டல் அடையாள அட்டை: எமது கைரேகைகளைத் திறக்கும் சாவி யாரிடம்?

இலங்கையின் தனித்துவ டிஜிட்டல் அடையாளத் திட்டத்துக்கு இந்தியா நன்கொடை வழங்குகிறது. அதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது கைவிரல் ரேகை, கருவிழிப் பதிவு, முகப்படம் மூன்றையும் நாங்கள் அரசிடம் கொடுக்க வேண்டியிருக்கும். தென்னிலங்கையில் இதைப்பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ‘தரவுகள் இந்தியாவுக்குப் போய்விடுமா’ என்றே கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் வடக்கு கிழக்கிலிருந்து பார்க்கும் எனக்கு இன்னொரு கேள்வி அதைவிட நெருக்கமாகப் படுகிறது. கொழும்பில் வைக்கப்படும் அந்தக் களஞ்சியத்தை யார் யார், என்ன காரணத்துக்காகத் திறக்கலாம்?

பட்டியல் என்றால் என்னவென்று எங்கள் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை. 1983 யூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. வாக்குப் போடுவதற்கென்று பதிந்த பெயரும் முகவரியும் வீட்டுக்குத் தீ வைக்க வழிகாட்டின. அன்று உயிர் தப்பியவர்கள் முகவரியை மாற்றிக்கொண்டார்கள். விரலை அப்படி மாற்ற முடியாது. அமெரிக்க அரச ஆளணி அலுவலகத்தின் கணினிகளிலிருந்து 56 இலட்சம் பேரின் கைரேகைகள் களவுபோனதாக 2015இல் அந்த அரசே அறிவித்தது. கடவுச்சொல் என்றால் அடுத்த நாளே புதிதாக ஒன்று வைத்திருப்பார்கள்.

களவு ஒரு ஆபத்து என்றால், சட்டப்படி கைமாறுவது இன்னொன்று. பங்களாதேசில் தஞ்சமடைந்த ரோஹிங்யா அகதிகளிடம் ஐ.நா. அகதிகள் முகவரகமும் அந்நாட்டு அரசும் சேர்ந்து கைரேகைகளைப் பதிந்தன. நிவாரணம் பெற அந்த அட்டை தேவைப்பட்டது. குறைந்தது 830,000 பேரின் விபரங்களைப் பங்களாதேஷ் மியன்மாருக்குக் கொடுத்திருந்ததை மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 யூனில் வெளிப்படுத்தியது. எந்த அரசிடமிருந்து ஓடி வந்தார்களோ அதே அரசிடம்! சம்மதம் கேட்டுத்தான் செய்தோம் என்றது ஐ.நா. முகவரகம். அரிசிக்கு வரிசையில் நிற்பவரிடம் கேட்கும் சம்மதத்தின் பெறுமதி, முகாம் வாழ்க்கையைக் கண்ட எவருக்கும் தெரியும்.

இதில் ஒரு தொழில்நுட்ப வேறுபாட்டை விளங்கிக்கொள்வது முக்கியம். ‘இவர் தான் சொல்லும் ஆள்தானா’ என்று சரிபார்ப்பது ஒன்று. அதற்கு ஒருவருடைய ரேகையை அவருடைய பதிவோடு மட்டும் ஒப்பிட்டால் போதும். எங்கள் கைத்தொலைபேசி அதைத்தான் செய்கிறது. ரேகை தொலைபேசிக்குள்ளேயே இருக்கிறது. ‘இந்த ரேகை யாருடையது’ என்று நாட்டிலுள்ள எல்லோருடைய பதிவுகளிலும் தேடுவது மற்றது. ஒரே ஆள் இரண்டு தடவை பதியாமல் தடுக்க, பதிவு செய்யும் நேரத்தில் இந்தத் தேடல் தேவை என்கிறார்கள். அதற்குத்தான் மத்திய களஞ்சியம். ஆனால் அந்த வசதி ஒருமுறை வந்துவிட்டால், ஓரிடத்தில் எடுத்த ரேகையைக் கொண்டுவந்து இது யாருடையது என்று பாதுகாப்புத் தரப்பு கேட்பதற்குத் தடையாக இருக்கப்போவது சட்டம் ஒன்றுதான்.

அந்தச் சட்டத்தின் நிலை என்ன? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உயிரளவியல் தரவுகளை விசேட வகையில் சேர்க்கிறது. நல்லது. ஆனால் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு என்பவற்றுக்கு விதிவிலக்கும் உண்டு. அது அவசியமானதாகவும் அளவுக்கு உட்பட்டதாகவும் இருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டிருக்கிறார்கள். 1979இல் ‘தற்காலிக ஏற்பாடுகள்’ என்று வந்த பயங்கரவாதத் தடைச்சட்டத்தோடு வாழ்ந்தவர்கள் இதை நம்பத் தயங்கினால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நீதிமன்றக் கட்டளையின்றி இந்தக் களஞ்சியத்தில் எந்தத் தேடலும் கூடாது என்று தனியாகச் சட்டம் வேண்டும். எமது பாராளுமன்ற உறுப்பினர்கள் இதைக் கோரிக்கையாக வைக்கலாம். தன் ரேகையைத் தானே பூட்டிவைக்கவும், எப்போது சரிபார்க்கப்பட்டது என்று பார்க்கவும் இந்தியாவின் ஆதாரில் வசதி இருக்கிறது. அந்த நாட்டின் உதவியோடு வரும் திட்டத்தில் அதையாவது கேட்பது பெரிய கேள்வி இல்லை.

விரலே இல்லாதவர்களின் நிலை வேறு. எறிகணையிலும் கண்ணிவெடியிலும் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் எங்கள் கிராமங்களில் இருக்கிறார்கள். சீமெந்திலும் வலையிலும் ரேகை தேய்ந்தவர்களும் இருக்கிறார்கள். இந்தியாவில் ரேகை பொருந்தாமல் பங்கீட்டு அரிசி கிடைக்காது திரும்பிய கூலித் தொழிலாளரின் கதைகள் ஏராளம். இலங்கைத் திட்டத்துக்கு அடிப்படையான மொசிப் மென்பொருளில், இல்லாத விரலை விதிவிலக்காகக் குறித்துப் பதியும் வசதி உண்டு. ஆனால் பதிவு ஒருநாள் வேலை. பிறகு மாதாமாதம் கொடுப்பனவு எடுக்கப் போகும் வங்கியில் அந்த விதிவிலக்கை ஏற்பார்களா? மாற்றுத்திறனாளிகள் அமைப்புகள் இதைப் பதிவு தொடங்குவதற்கு முன்னரே பிரதேச செயலகங்களிடம் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.