கேஸ் இல்ல மச்சி!

பௌர்ணமிக்கு கேங்கா திருவண்ணாமலை கிரிவலம் கிளம்பறீங்களா? 14 கிலோமீட்டர். வழியெல்லாம் அன்னதானம். நடுவுல ஒருத்தன் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா, 'சோடா குடி, கேஸ்தான்'னு சொல்லிடாதீங்க. 'வயித்துல முன்னாடி ஆபரேஷன் ஆகியிருக்காடா?'ன்னு கேளுங்க.

அப்பெண்டிக்ஸோ வேறெதுவோ, வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தால் பெரும்பாலானவர்களுக்கு உள்ளேயும் தழும்பு விழும். நார் மாதிரி குடலை ஒட்டிப் பிடிக்கும். நிறைய பேருக்கு ஒண்ணும் ஆகாது. சிலருக்கு மட்டும், வருஷங்கள் கழிச்சுக்கூட, குடல் மடங்கி அடைச்சுக்கும். விட்டு விட்டு முறுக்கும் வலி, உப்புசம், வாந்தி... காத்துகூடப் பிரியாது. அப்போ சோடா, பேதி மாத்திரை எதுவும் வேணாம். நேரா 108-க்கு போன்.

பல அடைப்புகள் டிரிப்ஸ், மூக்குவழி டியூப்லேயே சரியாகிடும். டாக்டர்கள் உடனே கத்தி எடுக்கத் தயங்குறதுக்குக் காரணம் இருக்கு: மறுபடி திறந்தா மறுபடி தழும்பு! (என்ன ஒரு வம்பு பாருங்க.) ஆனா வலி விடாம நிலைச்சு, காய்ச்சலும் சேர்ந்தா, குடலுக்கு ரத்தம் போகாம இருக்கலாம். அப்போ தள்ளிப்போட முடியாது.

அடிக்கடி இப்படி ஆகுறவங்க டிஸ்சார்ஜ் சம்மரியை ஜெராக்ஸ் எடுத்து பர்ஸ்ல வெச்சுக்கறது நல்லது. உங்க ரூம்மேட் பாதி சாப்பாட்டுல எழுந்தா 'டயட்டா?'ன்னு கலாய்க்காதீங்க. அந்த ஜெராக்ஸ் எங்கே இருக்குன்னு கேட்டு வெச்சுக்கோங்க.